சினிமா மோடு

வெடி விற்றுச் சம்பாதித்த ரத்தினசாமிக்கு, சத்தம் கேட்பதற்கென்றே வீட்டில் தனியாக ஓர் அறை வேண்டியிருந்தது. அவர் போட்ட நிபந்தனையைக் கேளுங்கள்: உள்ளே போடுகிற சத்தம் நெஞ்சில் இடிக்க வேண்டுமாம், வெளிச்சத்தம் ஒரு பொட்டுகூட உள்ளே வரக்கூடாதாம். அவருடைய பட்டாசுக் கம்பெனி அங்கிருந்து நாலு கிலோமீட்டர், ஏழாயிரம்பண்ணை போகிற வழியில்.

ஒன்பது நாளாக அந்த அறையில் ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான் பிரபாகரன். புரொஜெக்டர், ஸ்பீக்கர்கள், விளக்கு, ஏசி, வாசல் மணி எல்லாவற்றையும் ஒரே டேப்லெட்டுக்குள் கொண்டுவருவது அவன் வேலை. இது நல்லபடியாக முடிந்தால் மதுரையில் நிரந்தர வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதே ரத்தினசாமியின் கம்பெனியில் பதினாறு வருடமாகத் திரி செருகுகிற அம்மா சோலையம்மாளை அந்த வெடிமருந்து நெடியிலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்விடலாம். அவனுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. முதலாளி வாய் திறந்து சொல்லாமல் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்கக்கூடாது. போன வருடம் புகை என்று பயந்து கருப்பம்மாள் நாலு பேரோடு வெளியே ஓடினாள். வெறும் தூசிதான். மறுநாள் ஐந்து பேருக்கும் வேலை இல்லை. அதிலிருந்து எவளும் எழுந்திருப்பதில்லை.

"தம்பி, நான் படம் பாக்கும்போது ஒரு பய கூப்பிடக்கூடாது. மணி, போனு எல்லாம் வாயை மூடணும்" என்றார் ரத்தினசாமி.

"ஒரே பட்டன்தான் மொதலாளி. சினிமா மோடுன்னு வச்சிருக்கேன்."

மத்தியானம் இரண்டரைக்குப் பட்டனை அழுத்தினான். விளக்கு மங்கியது, வாசல் மணி அடங்கியது. ரத்தினசாமியின் போனும், சோதனைக்காக அவன் இணைத்து வைத்திருந்த அவனுடைய போனும் சேர்ந்தே ஊமையாயின. "பலே!" என்று தொடையைத் தட்டினார் ரத்தினசாமி. பிரபாகரனுக்கு உச்சி குளிர்ந்தது.

படத்தில் சண்டை ஓய்ந்து மழை பெய்துகொண்டிருந்தபோது, தரை ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"ஏலே, மழைக்கு எதுக்கு இம்புட்டு அதிருது?"

பிரபாகரன் கூசிப்போனான். ஸ்பீக்கரின் அதிர்வு, அதாவது பேஸ், அதை இரண்டு புள்ளி குறைத்தான். அந்தப் பக்கத்து ஊர்களில் தரை அதிர்ந்தால், சாப்பிட்ட கையோடு எல்லாரும் வெளியே ஓடி எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். ஐந்து வயதிலிருந்து அப்படி ஓடிய கால்கள் அவனுடையவை. அந்தக் கால்களுக்குத் தெரியாதா? பாவி, பேஸைக் குறைத்தான்.

படம் முடிந்து மோடை நிறுத்தியதும் வாசல் மணி விடாமல் அலறியது. ரத்தினசாமியின் போனில் போர்மேன் நாகையாவிடமிருந்து பதினான்கு அழைப்புகள். அவர் செருப்பில்லாமல் காருக்கு ஓடினார்.

பிரபாகரனின் போனிலும் நாகையாவின் எண்ணிலிருந்து வாட்ஸ்அப் குரல் பதிவுகள் மூன்று இருந்தன.

"பிரபா, மொதலாளி போனை எடுக்க மாட்டேங்காரு. நேத்து மிஞ்சுன மருந்து சூடேறிக் கெடக்கு. ஆளுகளை வெளிய அனுப்பவான்னு கேட்டுச் சொல்லுப்பா."

இரண்டாவதில் பேசியது அம்மா. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள் என்பதால், நாகையாவே அவளை மட்டும் கூப்பிட்டுவிட, கேட் ஆபீசுக்கு வந்து நாகையாவின் போனை வாங்கியிருக்கிறாள்.

"ஏய்யா, நீ அங்கனதான இருக்க? அவுக காதுல ஒரு வார்த்தை போடுய்யா."

மூன்றாவதும் அவள்தான்.

"நீயும் எடுக்கல. வேலையா இருப்ப. சரிய்யா, எங்க ரூம்ல செல்வலட்சுமி ஒத்தையில பயந்துக்கிட்டு இருக்கா, நான் உள்ள போயி உக்காந்திருக்கேன். மொதலாளி சரின்னதும் நாகையா அண்ணனுக்குச் சொல்லிரு, வந்துருதோம்."

வாசலுக்கு வந்தான். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் புகை பனைமர உயரத்துக்கு மேல் எழுந்து நின்றது. அவனுக்கு அழக்கூட வரவில்லை. போனை வாயருகே வைத்து, பட்டனை அழுத்திப் பேசினான்.

"எம்மா, வெளிய வாம்மா. மொதலாளி சொல்லிட்டாரு. எல்லாரும் வெளிய வாங்க."

நாகையாவின் எண்ணுக்குப் பதிவு போனது. பக்கத்தில் ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக்குக்காக அவன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தான்.