மூன்று அங்குல இறக்கம்

என் வீட்டுக்காரருக்கு வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதும் வேலை. பதினோரு வருடமாக ஓட்டமும் நடையுமாகப் பழகிய கால், பெண்டாட்டியோடு வரும்போது மட்டும் அடங்கி நடக்குமா? காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரிதான் பறக்கும்.

நாங்கள் இருவர் மட்டும் வெளியே போய்வர வேண்டும், அது கையைக் கடிக்கவும் கூடாது என்று நச்சரித்தது நான்தான். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, சாலை முடிகிற இடத்தில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை நடப்பது, அங்கே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புவது என்று முடிவானது. வாரம் முழுக்கத் தையல் மெஷின் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கும் எனக்கு, புருஷனோடு ஒரு மணி நேரம் பேசக் கிடைப்பது சாதாரண விஷயமில்லை.

கிடைத்தது அவர் முதுகுதான். மெதுவாகப் போங்கள் என்றால் பத்தடிக்குச் சரி, பதினோராவது அடியில் பழைய குருடி கதை. கையைப் பிடித்துப் பார்த்தேன், தரதரவென்று இழுத்துக்கொண்டு போனார். இரண்டாவது வாரம், செருப்பில் புகுந்த கல்லை எடுக்க நான் நின்றேன். மனிதர் தன் அலுவலகத்துச் சண்டையைச் சொல்லிக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரம் பொங்கியது. கூப்பிடாமல் அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து, "நீயே சொல்லு, என் மேல என்ன தப்பு?" என்று கேட்டபோதுதான் நான் இல்லாதது அவருக்குத் தெரிந்ததாம்.

இந்தக் கூத்தையெல்லாம் நாத்தனார் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். பிள்ளைகளை அழைத்துவரப் போனபோது பிடித்துக்கொண்டார்.

"சேந்து போறீங்கன்னுதான் நான் பிள்ளைங்கள வச்சுக்கிறேன். அவன் முன்னால ஓட, நீ பின்னால துரத்த, இதுக்கு நான் எதுக்கு? அடுத்த வாரமும் இப்படித்தான்னா, எனக்கு வேற வேலை இருக்கு."

அடுத்த சனிக்கிழமை தவறினால் அந்த ஒரு மணி நேரமும் போச்சு.

அன்றிரவு விளையாட்டுப் போல அவரை நடக்கவிட்டு, டேப்பை வைத்து அளந்தேன். அவர் அடி முப்பத்து நான்கு அங்குலம். என்னுடையது இருபத்து இரண்டு. வாயால் சொல்லித் திருந்தாததைக் கத்தரியால் திருத்துவதுதானே என் தொழில். மீந்துபோன சாம்பல் நிறத் துணியில் அவருக்குப் புதுப் பேன்ட் ஒன்று தைத்தேன். கால்கள் இரண்டும் பிரிகிற இடத்தை மூன்று அங்குலம் கீழே இறக்கினேன், தொடையைக் கொஞ்சம் பிடித்தேன். சட்டையை வெளியே விட்டுக்கொண்டு நின்றால் ஒன்றும் தெரியாது. எட்டி அடி வைத்தால் துணி விடாது.

சனிக்கிழமை பொண்டாட்டி தைத்தது என்று பெருமையாகப் போட்டுக்கொண்டு வந்தார். முதல் எட்டிலேயே துணி இழுத்தது. இரண்டு தரம் உதறிப் பார்த்துவிட்டு, புதுத்துணி அப்படித்தான் இருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். என் தோளுக்குப் பக்கத்தில் அவர் தோள் வந்தது. நாத்தனார் வீட்டு மாடிக்குக் கீழே நாங்கள் ஜோடியாகப் போனோம். நான் நிமிர்ந்து பார்த்தேன். நாத்தனார் முகத்தில் ஈயாடவில்லை. பிள்ளைகள் கையசைத்தார்கள். மகாராணி மாதிரி நானும் அசைத்தேன்.

ஆறு சனிக்கிழமை இப்படிப் போனது. நான் பேச, அவர் கேட்க, அவர் பேச, நான் குறுக்கே பேச, தொட்டி சீக்கிரம் வந்துவிடுகிறதே என்று இருந்தது.

ஏழாவது சனிக்கிழமை மத்தியானம் மழை. கொடியில் அந்தப் பேன்ட் சொட்டச் சொட்ட நனைந்து தொங்கியது. அவர் வேலைக்குப் போகிற பேன்ட்டில் கிளம்பி வந்து நின்றார். இன்றைக்கு மறுபடியும் முதுகுதான் என்று செருப்பை மாட்டினேன்.

வாசல் தாண்டினோம். பக்கத்தில் இருந்தார். மூலைக் கடை தாண்டினோம். அப்போதும் பக்கத்திலேயே இருந்தார். நாத்தனார் வீட்டு மாடியும் போனது. எனக்குத் தாங்கவில்லை. கால் வலியா என்று கேட்டேன்.

"நீ தச்சுக் குடுத்த மூணாவது வாரமே அந்தப் பேன்ட்டோட வேலைக்குப் போயிட்டேன்," என்றார். "அன்னைக்குப் பாதி வீடுகூடப் பாக்க முடியல. கழட்டி உள்பக்கம் திருப்பிப் பாத்தேன். உன் தையல் எனக்குத் தெரியாதா?"

நான் அசடு வழிந்தேன். பிறகு ஏன் ஒவ்வொரு சனிக்கிழமையும் அதையே போட்டீர்கள் என்று கேட்டேன்.

"அதப் போட்டாத்தான் நீ பேசுறது என் காதுல விழுந்துச்சு. இப்போ காலுக்கே பழகிப் போச்சு."

எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை. கால் தானாக எட்டிப் போட்டது. பின்னாலிருந்து அவர், "ஏய், கொஞ்சம் மெதுவாப் போ," என்றார்.

அன்று தொட்டியை முதலில் தொட்டது நான்தான்.