பைபிஷேயின் இரண்டு முட்டைகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. யாருடைய பொறாமை என்பதில்தான் எனக்கும் கதைக்கும் தகராறு.

போன வாரம் எதிர்வீட்டுத் துலேகென் அண்ணன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எங்கள் அல்மாட்டி நகரத்தில் பாதி லிஃப்டுகள் இவர் திட்டுக்குப் பயந்துதான் ஓடுகின்றன. மூன்று கோப்பை பால் டீ உள்ளே போனபிறகு வாயைத் திறந்தார்.

"என் பல்லிக் கதையை எழுதப் போறியாமே?"

"ஆமாண்ணே. எழுதலாமா?"

"தாராளமா எழுது. பேரைக்கூட மாத்த வேணாம். முட்டையைத் திருப்பினேன்னு மட்டும் எழுதிடாதே, தம்பி."

முட்டையைத் திருப்பியதைப் பற்றி அதுவரை யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

(எழுதாதே என்றார், எழுதிவிட்டேன். அவருக்கும் அவருடைய அக்கா மகள் அரைலிக்கும் தமிழ் படிக்க வராது என்பதே என் தைரியம். நல்ல தைரியம் இல்லை என்று தெரியும்.)

2

அடித்துப்போட்ட தொடக்கங்கள்:

'பல்லிக்கு அன்பு உண்டா என்ற கேள்வியை நாம் முதலில்' — கட்டுரை வாடை. வேண்டாம்.

'துலேகெனின் மனைவி அவரை விட்டுப் போன அந்தக் குளிர்காலத்தில்' — மனைவி போய் எட்டு வருஷம் ஆகிறது. இங்கே அவளை இழுத்தால், 'ஓ, அதனால்தான் பல்லியா' என்று நீங்கள் தலையாட்டிவிட்டு அவரை மன்னித்துவிடுவீர்கள். அவ்வளவு சுலபமாக அவரை விட நான் தயாராயில்லை.

'அரைலி என்கிற பேராசைக்காரி' — இது கதையின் குரல் இல்லை, என் குரல். அடித்துவிட்டேன். அடித்தும் படிக்க முடிகிறது, என்ன செய்ய.

சரி, நேராகவே சொல்கிறேன். துலேகெனிடம் ஒரு பல்லி இருந்தது. நம் வீட்டுச் சுவரில் உச்சுக்கொட்டி நல்லது கெட்டது சொல்லும் ஜாதி இல்லை. சிறுத்தைப் பல்லி. இதற்குச் சுவர் ஏறத் தெரியாது. மஞ்சள் உடம்பு, கறுப்புப் புள்ளிகள், கொழுப்பைச் சேர்த்துவைத்த குண்டு வால். கண்ணுக்கு இமை உண்டு, பிடிக்காததைக் கண்டால் மூடிக்கொள்ளும். வெதுவெதுப்பான கல்லில் அது சாய்ந்துகிடக்கும் தோரணையைப் பார்த்து 'பைபிஷே' என்று பெயர் வைத்தார். வீட்டின் மூத்த மனைவியை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

மூன்று வருஷம் வளர்த்தார். குளியலறையில் ஒரு வாளி நிறையக் கரப்பான் வளர்த்து, சுண்ணாம்புச்சத்துப் பொடியில் புரட்டி, இடுக்கியால் ஊட்டினார். தோலுரிக்கும் நாட்களில் விரல் நுனியில் ஒட்டிக்கொண்ட தோலை வெந்நீரில் நனைத்த பஞ்சால் எடுப்பார். அந்தத் தோல் அப்படியே இறுகினால் விரல் போய்விடும். பைபிஷேக்கு இன்றுவரை ஒரு விரல்கூடப் போகவில்லை. அவர் ஊருக்குப் போகும் நாட்களில் சாவி என்னிடம் இருக்கும். இடுக்கியும்.

3

இனி அவர் செய்த முட்டாள்தனம்.

இங்கே அக்கா தங்கையின் பிள்ளைக்கு ஓர் உரிமை உண்டு. தாய்மாமனிடம் மூன்று முறை எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மாமன் மறுக்கக்கூடாது. குதிரை கேட்டிருக்கிறார்கள், வேட்டைநாய் கேட்டிருக்கிறார்கள். புத்திசாலி மாமன்கள் மருமக்களைக் கண்டதும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

துலேகென் தன் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்தில், நாற்பது பேர் முன்னால், குதிரைக் கறித் தட்டுக்குப் பின்னால் எழுந்து நின்று, தானாகவே சொன்னார்:

"அரைலி! இருபத்தஞ்சு வயசாச்சு, இன்னும் ஒண்ணுகூட என்கிட்ட கேக்கலையே? மாமன் கஞ்சன்னு ஊரு பேசுமே! கேளுடி. காரா, கம்பளிக் கோட்டா?"

"நெஜமாவா மாமா?"

"வாயைத் திறந்து கேளுன்னா!"

"அப்ப பைபிஷேயைக் குடுங்க."

கூட்டம் கைதட்டியது. யாரோ விசிலடித்தார்கள். துலேகென் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் முதல் ஐந்து நிமிஷம் இப்படித்தான் சிரிப்பார்களாம், அவரே சொல்லியிருக்கிறார்.

"குடுத்துட்டேன்" என்றார்.

(எதிர்வீட்டுக்காரனுக்கு எத்தனை முறை கேட்கலாம்? ஒருமுறைகூட இல்லை. பதினொரு வருஷம் எதிரெதிர் கதவு, மூன்று வருஷம் இடுக்கி. வழக்கத்தில் எனக்கு இடமில்லை. நானும் கைதட்டினேன்.)

4

அரைலியைக் கெட்டவளாக எழுத மூன்று நாள் முயன்றேன். முடியவில்லை. மேற்கே எண்ணெய் வயலில் ஆய்வுக்கூட வேலை. இருபத்தெட்டு நாள் அங்கே, இருபத்தெட்டு நாள் இங்கே. கலகலப்பானவள். பல்லியை நன்றாகவே பார்த்துக்கொண்டாள். எங்களைவிட நன்றாக.

அதுதான் வினை. கொண்டுபோன இரண்டாம் மாதம் ஒரு வீடியோ அனுப்பினாள். பைபிஷே அவள் உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்து, அங்கேயே கரப்பானைக் கவ்வித் தின்றது. தின்றுவிட்டு அவள் கட்டைவிரலை நக்கியது.

துலேகென் கைக்கு அது ஒருநாளும் வந்ததில்லை. இடுக்கி, எப்போதும் இடுக்கிதான். அவர் அந்த வீடியோவை ஃபோனிலிருந்து அழித்தார், மறுநாள் அவளிடமே திரும்பக் கேட்டு வாங்கினார். எனக்கும் அனுப்பினார். நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்காதீர்கள்.*

* படித்துப் பார்த்தேன். இந்தப் பல்லிகள் ஆளை நேசிப்பதில்லையாம். சூட்டையும் வாசனையையும்தான் அறியுமாம். துலேகென் இதை நம்பவில்லை. நானும் நம்பவில்லை. நம்பியிருந்தால் இருவரும் நிம்மதியாக இருந்திருப்போம்.

இந்த வசந்தத்தில் அரைலி ஓர் ஆண் பல்லி வாங்கிச் சேர்த்தாள். பைபிஷே இரண்டு முட்டையிட்டது. வழக்கமாகப் பார்த்துக்கொள்ளும் தோழி ஊரில் இல்லாததால், வேலைக்குக் கிளம்பும்போது பல்லியையும் முட்டைகளையும் மாமன் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

"இதைக் கேட்டதுல சேத்துடாதீங்க மாமா. இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. இது வெறும் உதவி."

"வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் நீ."

"முட்டை மேல பென்சில்ல புள்ளி வச்சிருக்கேன், பாருங்க. அது எப்பவும் மேலதான் இருக்கணும். கோழி முட்டை மாதிரி திருப்பிடக் கூடாது. திரும்பிச்சுன்னா உள்ள இருக்கிற குஞ்சு செத்துடும்."

"பல்லி வளக்க எனக்கே சொல்லித் தர்றியா?"

"உங்ககிட்ட கத்துக்கிட்டதைத்தானே சொல்றேன்" என்று அவர் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

பாருங்கள், இவளை எப்படிக் கெட்டவளாக எழுதுவது?

5

பைபிஷே சாப்பிடவில்லை. ஒன்பது நாள். முட்டையிட்ட பல்லி கொஞ்சநாள் இப்படித்தான் இருக்கும் என்று துலேகெனுக்குத் தெரியும். ஆனாலும் ஏங்குகிறது என்றுதான் அவருக்குத் தோன்றியது. அவளுக்காக ஏங்குகிறது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் இடுக்கியை வைத்துவிட்டு, முதல்முறையாக உள்ளங்கையில் கரப்பானை வைத்து நீட்டினார்.

"வாடி ராசாத்தி. அவ கையில மட்டும் தேனா தடவியிருக்கு?"

பைபிஷே அவரைப் பார்த்தது. பிறகு இரண்டு இமைகளையும் மூடிக்கொண்டது.

அந்த நேரம் பார்த்து ஃபோன் வந்தது. "மாமா! என் தங்கம் எப்படி இருக்கா?" என்ற குரல் கேட்டதும் பல்லி கண்ணைத் திறந்து தலையைத் தூக்கியது. (அவர் சொன்னபடி. நான் பார்க்கவில்லை.) நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி ஃபோனை வைத்தார். முட்டைகள் இருந்த தெர்மாகோல் பெட்டியின் மூடியைத் திறந்தார். டீ ஸ்பூனின் காம்பால் முதல் முட்டையை —

(இங்கே நான் நிறுத்தியது நயத்துக்காக இல்லை. அவர் அதைச் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் இனித்தது. அந்த இனிப்போடு இந்த வாக்கியத்தை முடிக்க வெட்கமாக இருக்கிறது.)

— புரட்டினார். பிறகு இரண்டாவதை. புள்ளிகள் அடியில் போயின.

விடிந்ததும் ஓடிவந்து இரண்டையும் மறுபடி புரட்டிப் புள்ளியை மேலே கொண்டுவந்தார். அன்றிலிருந்து அரைலி தினமும் கேட்கிறாள், "புள்ளி மேலதானே மாமா?" அவரும் தினமும் சொல்கிறார், "மேலதான்." பொய் இல்லை.

6

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

ஒன்று: முட்டைகள் சுருங்கிவிடுகின்றன. அரைலி, 'முதல் தடவை இப்படித்தான் மாமா' என்று அவரைத் தேற்றுகிறாள். (எழுத எனக்குப் பிடித்தது. காரணம் அசிங்கமானது.)

இரண்டு: பொரிக்கின்றன. 'ஒண்ணு உங்களுக்கு' என்று அவள் ஒரு குஞ்சைக் கொடுக்கிறாள், கேட்காமலே. அவர் அதை வாழ்நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். (ஒன்றைவிடக் கொடுமை. எனக்கும் ஒன்று கொடுப்பாளா என்று எழுதும்போதே தோன்றியது.)

மூன்று: அவர் அவளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறார், அவள் — (இவர் சொல்லமாட்டார். நானே சொல்லமாட்டேன்.)

7

முந்தாநாள் மத்தியானம் துலேகென் என் கதவைத் தட்டினார். கையில் டார்ச்சு. முட்டையை ஒட்டி டார்ச்சடித்தால் தெரியும். உயிர் இருந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக நரம்புகள் ஓடும். இல்லையென்றால் வெறும் மஞ்சள்.

"என்னால பாக்க முடியல தம்பி. நீ பாரு. பாத்துட்டு என்கிட்ட சொல்லாதே. யாராவது ஒருத்தனுக்குத் தெரிஞ்சா போதும், எனக்குக் கொஞ்சம் மூச்சு வரும்."

அவர் குளியலறைக்கு ஜன்னல் இல்லை. கரப்பான் வாளிக்குப் பக்கத்தில் பெட்டியை வைத்து, விளக்கை அணைத்து, கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் முட்டைக்கு டார்ச்சடித்தேன். பிறகு இரண்டாவதற்கு. மறுபடி முதலாவதற்கு.

வெளியே வந்தபோது அவர் சுவரைப் பார்த்து நின்றிருந்தார்.

"பாத்துட்டியா?"

"பாத்துட்டேன்."

"சொல்லாதே."

"சொல்லல."

டீ ஊற்றினார், குடிக்கவில்லை. "சரி, சொல்லித் தொலை."

"சொல்லாதேன்னீங்களே அண்ணே."

"இப்ப சொல்லுங்கிறேன்ல! உன் கால்ல விழணுமா?"

பெரிய உடம்பு, கிரீஸ் படிந்த கை, கண் நிறையத் தண்ணீர். ஒரு வார்த்தை போதும். அவர் ஊற்றிய டீயை நான் எடுத்துக் குடித்தேன். ஃபோன் அடித்தது. அரைலி. அவர் அதை என் கையில் திணித்தார். ஹலோ என்றேன்.

"அண்ணா, நீங்களா? புள்ளி மேலதானே?"

"மேலதாம்மா."

"முட்டை நல்லாருக்கா?"

துலேகென் என் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ வந்து பாரும்மா" என்றேன்.

நீங்களும் கேட்பீர்கள், தெரியும். மேலே உள்ள மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், நான்காவது ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டாலும் சரி. உண்மை எது என்று சொல்லமாட்டேன். அவர் மூன்று வருஷம் வளர்த்தார், அவள் ஒரு வாய் வார்த்தையில் வாங்கிக்கொண்டாள். பைபிஷேயின் விஷயத்தில் அவர்கள் இருவரிடமும் இல்லாத ஒன்று இப்போது என்னிடம் இருக்கிறது. மூன்று வாரத்தில் முட்டைகள் தாமாகவே எல்லாருக்கும் சொல்லிவிடும். அதுவரை அது என்னுடையது.