கனகசபாபதிக் குருக்களின் படிகம்

1

இந்தக் கதை ஒரு கால்விரலில் தொடங்கியது. ஆஸ்பத்திரி வாங்கில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் பெருவிரல் நீலமாக இருந்தது. எட்டிப் பார்ப்பது மரியாதையில்லை. கதை எழுதுகிறவன் என்பதால் பார்த்தேன், விசாரித்தும்விட்டேன்.

முதல் வரி: 'நயினாதீவுக் கடல் அன்று நீல...' (வேண்டாம். கடல் என்றைக்கும் நீலம்தான். விரல்தான் புதினம்.)

2

விரலுக்குரியவர் கனகசபாபதிக் குருக்கள், நயினாதீவில் சின்னப் பிள்ளையார் கோயில் ஒன்றின் பூசகர். சிறுநீரகம் முன்பே பாதி ஓய்வில் இருந்தது. இதயக் குழாயைப் பார்க்கத் தொடைவழியே வயர் விட்டபோது பெருநாடியில் படிந்திருந்த கொழுப்பு உரசுப்பட்டு உதிர்ந்தது. சில கிழமைகளில் விரல் நீலமானது, சிறுநீரகம் முழு ஓய்வுக்குப் போனது.

டொக்டர் நிலாந்தி பொறுமையாக விளங்கப்படுத்தினார். கொழுப்புப் படிகங்கள் சின்னக் குழாய்களை அடைத்துவிட்டன, அவற்றைக் கரைக்க மருந்தில்லை. மேலும் உதிராமல் பார்ப்பதுதான் வைத்தியம். இனி வயர் கூடாது. கொழுப்பைக் குறைக்கும் குளிசையை நிறுத்தக்கூடாது. இயந்திர டயலிசிஸுக்கு ரத்தம் உறையாமல் போடும் ஊசியும் இன்னும் உதிர வைக்கலாம், அது தேவைப்படாதபடி வீட்டிலேயே வயிற்றுவழி டயலிசிஸ் செய்யலாம்.

குருக்களின் காதில் ஒரு சொல்தான் ஏறியது.

"படிகமோ, பிள்ளை?"

"ஓம் ஐயா."

அவருடைய பூசையறையில் ஒரு படிகலிங்கம் இருக்கிறது.

3

கனடாவிலிருந்து மகன் சர்வேஸ்வரன் அழைத்தான். கொழும்பில் காலுக்கும் ஒருமுறை வயர் விட்டு அடைப்பை எடுக்கலாமாம், கூட்டிப்போக வானும் பிடித்துவிட்டானாம். தாய் ராஜராஜேஸ்வரி உடுப்பு அடுக்கினார். மகன் சொல்லைத் தட்டி அந்த வீட்டில் பழக்கமில்லை. இன்னொரு வயர், இன்னொரு உதிர்வு. இந்த முறை ஆளே போகலாம்.

(பாத்திரம் செத்தால் கதை உயரும் என்றார் ஒரு நண்பர். அவருக்கு இனிக் கதை காட்டுவதாயில்லை.)

குருக்கள் போனை வாங்கினார். "தம்பி, பிரதிட்டை பண்ணின படிகத்தை ஆரும் அசைக்கிறவையோ? என்ரை உடம்பிலையும் அது இருக்கிற இடத்திலை இருக்கட்டும்."

குறிகட்டுவான் துறையில் காத்திருந்த வான் திரும்பிப் போனது.

4

காரணம் பிழை, முடிவு சரி. ஆனாலும் உண்மை என்று ஒன்று இருக்கிறதே என்று எனக்குள் ஒரு வாத்தியார் எழும்பினார். குறிகட்டுவானில் படகேறினேன்.

முடிவு அ: 'ஐயா, அது வெறும் கொழுப்பு' என்கிறேன். அவர் யோசிக்கிறார். மகன் மறுபடியும் வான் பிடி... (அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: வீட்டு வாசலிலேயே ராஜராஜேஸ்வரி மறித்தார். உள்ளே குருக்கள் அபிஷேகத்துக்குப் போவதுபோலக் கையை மூன்றுதரம் கழுவி, டயலிசிஸ் பையை மாற்றிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தை ராஜராஜேஸ்வரியிடம் சொன்னேன்.

"அது கொழுப்பெண்டு எனக்கும் தெரியும்," என்றார் மெதுவாக. "மகனுக்கு மாட்டனெண்டு சொல்ல என்னாலை ஏலாது. அவரெண்டாலும் சொல்லட்டும். நீங்கள் வாயைத் திறந்திடாதேங்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வாக்குக் கொடுத்துவிட்டேன்.

நீங்கள் கொடுக்கவில்லை. இப்போது உங்களுக்கும் எல்லாம் தெரியும், நயினாதீவுக்குப் படகும் இருக்கிறது. குருக்கள் திருநீறு தந்துவிட்டு விரலைக்* காட்டி, "படிகம், தெரியுமோ?" என்று கட்டாயம் கேட்பார்.

என்ன சொல்லப்போகிறீர்கள்?

* விரல் இன்னும் இருக்கிறது. ஓரம் மட்டும் கறுப்பு. கதை எழுதுகிறவனாக அதை வெட்டும் அதிகாரம் எனக்கு இருந்தது, மனம் வரவில்லை.