ஏழாம் படுக்கைக்கு ஒரு சொல்

ஏழாம் படுக்கைக்காரருக்கு முதுகு துடைத்துவிடும்போது சிஸ்டரின் கண்ணில் முதலில் பட்டது கழுத்து மச்சம்தான். முகம் வற்றி, பல்செட்டைக் கழற்றி, ஆள் பாதியாகியிருந்தார். மச்சம் மட்டும் அதே மச்சம். ஒரு காலத்தில் இந்த ஆஸ்பத்திரியையே ஆட்டிவைத்த மேனேஜர், இடுப்பு ஆபரேஷன் முடிந்து, கால் தரையில் படவே கூடாது என்ற உத்தரவோடு படுத்திருந்தார். அவருக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தால்கூட இவள் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஒரே நர்சை இரண்டு வார்டுக்குப் போடச் சொன்னவர் இவர். "நான் இந்த வார்டுல இருக்கும்போது அந்த வார்டுல யாருக்காவது ஏதாவது ஆனா யாரு சார் பதில் சொல்றது?" என்று அன்று இவள் கேட்டாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் மேட்ரன் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே, "டிஃபிகல்ட்" என்றார். அவ்வளவுதான். அதன்பிறகு அந்தச் சொல் அவளுக்கு முன்னாலேயே ஒவ்வொரு அறைக்கும் போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது. பதவி உயர்வு நேர்காணல்களில் யாராவது ஒருவர், நீங்கள் கொஞ்சம் டிஃபிகல்ட்டாமே என்று இளித்துக்கொண்டே கேட்பார். அவளிடம் ஊசி போடக் கற்றுக்கொண்ட பெண்களெல்லாம் இன்சார்ஜ் ஆனார்கள். அவள் இன்னும் முதுகு துடைத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்தச் சொல்லை அவளும்தான் தினமும் சொல்கிறாள். நரம்பு கிடைக்காத கை டிஃபிகல்ட். தலை திரும்பாத பிரசவம் டிஃபிகல்ட். அகராதியிலும் கடினம் என்றுதான் போட்டிருக்கிறது. கடினமான நரம்பென்றால் தட்டிப் பார்த்து, வெந்நீர் ஒற்றி, மறுபடி மறுபடி தேடுவார்கள். கடினமான மனுஷி என்றால் அன்றோடு கைகழுவிவிடுவார்கள். அதே கேள்வியை ஓர் ஆம்பளை கேட்டிருந்தால் கறாரானவர் என்று பெயர் வாங்கியிருப்பான்.

மனுஷர் இப்போது பரம சாது. ஒவ்வொன்றுக்கும் நன்றி சொன்னார். சட்டைப் பொத்தானை அவள் போட்டுவிடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"பெல் அடிச்சா உடனே வருவாங்களாம்மா? என்னால அடக்க முடியறதில்ல. படுக்கையிலயே போயிட்டா மானம் போயிடும்."

"வருவாங்க சார்."

"உன்னை மாதிரி பொறுமையான பொண்ணு என் காலத்துல ஒருத்திகூட இல்லம்மா."

எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த மாதிரி இருந்தது. துண்டை அவள் பிழிந்த பிழியலில் வாளித் தண்ணீர் தரையெல்லாம் தெறித்தது.

இந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. ஷிஃப்ட் மாறும்போது மருந்து, டிரிப் எல்லாம் ஒப்படைத்த பிறகு, ஆள் எப்படி என்று ஒரே ஓர் இங்கிலீஷ் சொல் சொல்லவேண்டும். அதை வைத்துத்தான் யார் பெல் அடித்தால் ஓடுவது, யார் அடித்தால் ஆடி அசைந்து போவது என்று அடுத்து வருகிறவள் முடிவு செய்வாள். மதிய நர்சிடம் ஒவ்வொரு படுக்கையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆறாம் படுக்கை கோஆபரேட்டிவ். ஏழு வந்ததும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள்.

"டிஃபிகல்ட்."

மதிய நர்ஸ் உதட்டைப் பிதுக்கினாள். "சும்மா சும்மா பெல் அடிப்பாராக்கா?"

"பாத்துக்கோ."

வாய் தித்தித்தது. ஒரு மேனேஜர் பாக்கி வைத்துவிட்டுப்போன கணக்கை ஒரே சொல்லில் தீர்த்துவிட்ட சந்தோஷம். இதற்காக வெட்கப்படவேண்டும் என்று தோன்றியது; வெட்கம் வரவில்லை.

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து ஷூவை மாற்றும்போது மணி அடித்தது. ஏழாம் எண்ணுக்கு மேலே சிவப்பு விளக்கு. மதிய நர்ஸ் மாத்திரைத் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. மணி இன்னொரு முறை, மன்னிப்புக் கேட்கிற மாதிரி மெல்ல அடித்து ஓய்ந்தது. சிஸ்டர் சாவகாசமாக நாடாவை முடிந்தாள். பிறகு கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள்.

போர்வை விலகியது. வெளுத்த ஒல்லிக் கால் ஒன்று கட்டிலைத் தாண்டி வெளியே வந்து, செருப்பைத் தேடிக் காற்றில் துழாவியது. அவளுடைய ஒரு காலில் ஷூ இருந்தது. இன்னொரு கால் வெறுமையாகத் தரையில் இருந்தது, சில்லென்று.