நெல்டா ராய்ஸைச் சாய்த்த சாயங்காலம்

எங்கள் கார்வெல் ஊரில் ஒரு பையனுக்குப் பன்னிரண்டு வயதாகிவிட்டால் அவனிடம் யாரும் "எப்படிப் படிக்கிறே?" என்று கேட்பதில்லை. "டீம்ல எந்த இடத்துல ஆடப்போறே?" என்றுதான் கேட்பார்கள். மளிகைக் கடையில் பில் போடும் பெண் கேட்பாள், முடிவெட்டுகிறவர் கேட்பார், ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கும்போது பாஸ்டரும் கேட்பார். டெக்சஸ் பள்ளிகளில் ஏழாம் வகுப்பில்தான் நிஜமான ஃபுட்பால் தொடங்குகிறது. அதுவரை பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிறவனை நிறுத்த, அவன் இடுப்பில் செருகியிருக்கும் துணிப்பட்டையைப் பிடுங்கினாலே போதும். ஏழாம் வகுப்பு வந்துவிட்டால் ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, பாய்ந்து கட்டிப்பிடித்து, ஆளையே தரையில் சாய்க்க வேண்டும்.

என் அண்ணன் ராய்ஸின் மகன் ஆர்லோவுக்கு அந்த ஜூலையில் பன்னிரண்டு முடிந்தது. ராய்ஸ் ஒரு காலத்தில் இந்த ஊர் அணியின் தூண். எதிரணிப் பையன்கள் அவன் பக்கமாக ஓடவே பயப்படுவார்கள். இப்போது பண்ணைகளுக்குப் போய் கிணற்றுப் பம்புகளைப் பழுதுபார்க்கிறான். மழை வருவதற்கு முந்தின நாளே அவன் இடது முழங்காலுக்குத் தெரிந்துவிடும். அதையும் பெருமையாகத்தான் சொல்லிக்கொள்வான். அவன் மனைவி நெல்டா பல் டாக்டரிடம் உதவியாளராக இருக்கிறாள்.

"நான் வெள்ளிக்கிழமை மேட்சைப் பாக்கறதில்ல. திங்கக்கிழமை அதோட மிச்சத்தைப் பாக்கறேன்" என்பாள்.

ஆகஸ்டில் பயிற்சி தொடங்குவதற்குள் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து சம்மதம் சொல்ல வேண்டும். ஒரு ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டில் சாப்பிடப் போயிருந்தேன். ராய்ஸ் விடிந்ததிலிருந்து புகையில் வாட்டிய மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டிருந்தான்.

"வேண்டாம்" என்றாள் நெல்டா, உருளைக்கிழங்கு சாலடைத் தட்டில் வைத்துக்கொண்டே. யாரும் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"நான் இன்னும் வாயே தொறக்கலியே!"

"தொறக்கப்போறேன்னு தெரியும். அதான் முன்னாடியே சொல்லிட்டேன்."

"ஏன், நான் ஆடலியா? எனக்கு என்ன ஆயிடுச்சு?"

"போன வாரம் வண்டிச் சாவியை ஃப்ரிட்ஜுக்குள்ள வெச்சுட்டு ஊரெல்லாம் தேடுனியே, அதுக்குப் பேர் என்ன? தலையில வாங்குன அடிங்கதானே?"

"அது பாலை எடுக்கும்போது கை தவறி வெச்சது! இவளும்தான் மறக்கறா. லியோரா, நீயே சொல்லு."

"நான் ஸ்கூல் பஸ் ஓட்டறவ. பிள்ளைங்களைப் பத்திரமா இறக்கி விட்டேன்னா என் வேலை முடிஞ்சுது" என்று நழுவினேன்.

ஆர்லோ மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்து, அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். ஒல்லியான பையன். கழுத்து மட்டும் நீளம். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அது அப்போது உறைக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தமில்லாத சண்டை ஒன்று நடந்தது. ராய்ஸ் தன் பழைய அணிப் புகைப்படத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, குளியலறையில் கண்ணாடிக்கு எதிரே மாட்டினான். மறுநாளே ஃப்ரிட்ஜ் கதவில் உடைந்த முன்பல் ஒன்றின் எக்ஸ்ரே ஒட்டியிருந்தது. யாருடையது என்று நெல்டா சொல்லவில்லை. அன்றிலிருந்து ராய்ஸ் ஐஸ்கிரீம் எடுக்கப் போகும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கதவைத் திறந்தான்.

இப்படிப்பட்ட வீடுகள் ஊரில் இன்னும் சில இருந்திருக்கும்போல. கோச் கெட்சம் தாய்மார்களுக்கென்று ஒரு சாயங்காலத்தை ஒதுக்கினார். பிள்ளைகள் போடுகிற அதே கவசத்தைப் போட்டுக்கொண்டு, அவர்கள் கற்பதையே அம்மாக்களும் கற்றுப் பார்க்கலாம் என்று அறிவித்தார். கெட்சம் அறிவியல் வாத்தியார். அதட்டியே பேசாத மனுஷர். கோச் என்றால் கத்த வேண்டும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை என்பதால், அவர்மேல் பலருக்கு இன்னும் சந்தேகம் உண்டு.

"போறேன்" என்றாள் நெல்டா. "என்னென்ன தப்புன்னு ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சுட்டு வர்றேன். நீயும் வா லியோரா."

"நான் அம்மா இல்லியே."

"அத்தைன்னா பாதி அம்மா. வண்டில ஏறு."

பள்ளி மைதானத்தில் வெயில் இன்னும் இறங்கவில்லை. நாற்பது பெண்கள் இருப்போம். தோள்கவசத்தை எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியாமல் ஒருத்திக்கொருத்தி நாடா இழுத்துக் கட்டினோம். ஹெல்மெட்டைத் தலையில் மாட்டியதும் உள்ளே பழைய சாக்ஸ் நாற்றம்.

"இதுக்குள்ள யாராவது செத்துப் போயிருக்காங்களா கோச்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"இல்லீங்க மேம். ஒன்பதாவது பசங்க, அவ்வளவுதான்" என்றார் கெட்சம்.

அவர் முதலில் சொன்னதும், அன்று முழுக்கத் திரும்பத் திரும்பச் சொன்னதும் ஒன்றுதான். தலை நிமிர்ந்திருக்க வேண்டும். தலையால் முட்டக் கூடாது. தோளால் இடித்து, இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து, காலை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்.

"தலை குனியறவங்களை நான் உட்கார வெச்சுடுவேன். பிள்ளைங்களா இருந்தாலும் சரி, அவங்க அம்மாவா இருந்தாலும் சரி."

நெல்டா குற்றம் கண்டுபிடிக்கிற முகத்தோடு எல்லாவற்றையும் கேட்டாள். அவள் முறை வந்தபோது பயிற்சிப் பொம்மையை, தூங்குகிற குழந்தையை எழுப்புவதுபோல மெல்லத் தொட்டாள். கோச் தலையாட்டி, "இன்னொரு தடவை, மேம்" என்றார். இரண்டாம் முறை கொஞ்சம் ஓடினாள். மூன்றாம் முறை பொம்மை கீழே விழுந்தது, அதன்மேல் நெல்டா விழுந்தாள். எழுந்தபோது ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் அவள் பல் எல்லாம் தெரிந்தது. பதினைந்து வருஷமாக அவளைப் பார்க்கிறேன். அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் பார்த்ததில்லை.

"இன்னொண்ணு" என்றாள்.

வேலிக்கு வெளியே கணவர்கள் சாய்ந்து நின்று கேலி செய்துகொண்டிருந்தார்கள். கோச் அவர்கள் பக்கம் திரும்பி, "மெத்தையைப் பிடிச்சுக்கிட்டு நிக்க ஆள் வேணும். தைரியம் இருக்கறவங்க வரலாம்" என்றார். எல்லாரும் ராய்ஸைப் பிடித்துத் தள்ளினார்கள். அவன் கையை ஆட்டி ஆட்டி, திருவிழாவுக்கு வந்த மேயர் மாதிரி மைதானத்துக்குள் வந்தான். தடிமனான மெத்தையை மார்பில் அணைத்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா வா கண்ணு. நான் பழைய ஆட்டக்காரன். உனக்கு அடிபட்டுடப் போவுது" என்றான்.

இதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நெல்டா வந்தாள். தலை நிமிர்ந்திருந்தது. தோள் மெத்தையில் இடித்தது, கை இரண்டும் அவனைச் சுற்றிக் கட்டின, கால் நிற்கவே இல்லை. நூறு கிலோ ராய்ஸ் பின்னால் தடுமாறி, காற்றில் ஒரு கணம் யோசித்து, புல்லில் மல்லாந்து விழுந்தான். பெண்கள் கூட்டம் கத்தியதில் பக்கத்துத் தெரு நாய்களெல்லாம் குரைத்தன.

ராய்ஸ் எழுந்திருக்கவில்லை. மூச்சு அடைத்துப்போயிருந்தது. நெல்டா ஹெல்மெட்டைக் கழற்றி வீசிவிட்டு அவன் பக்கத்தில் மண்டியிட்டாள். தலையில் அடிபட்டு நினைவு தப்பியிருக்குமோ என்று பயந்துவிட்டாள்.

"ராய்ஸ்! இன்னிக்கி என்ன கிழமை, சொல்லு. ராய்ஸ், என்ன கிழமை?"

அவன் வானத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிறகு மெதுவாக, "செவ்வாய்" என்றான். "நீ என்னைக் கொன்ன செவ்வாய்."

எல்லாரும் கைதட்டினார்கள். விலாவில் ஒரு நல்ல ஊமைக்காயம், வேறொன்றுமில்லை. திரும்பும்போது நான்தான் பிக்கப் வண்டியை ஓட்டினேன். நடுவில் நெல்டா, ஜன்னலோரம் ராய்ஸ். வழியில் கடையில் வாங்கிய உறைந்த பட்டாணிப் பொட்டலத்தை விலாவில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

"சரி, ஆடட்டும்" என்றாள் நெல்டா திடீரென்று.

"என்னது?"

"ஆர்லோ. ஆடட்டும். அந்த கோச் சரியாத்தான் சொல்லித் தர்றாரு. அதோட... எனக்குப் புரிஞ்சுபோச்சு, ராய்ஸ். நாள் பூரா அடுத்தவங்க வாயில பாத்துப் பாத்து, ஊசிமுனை அளவுக்குக் கையை அசைச்சே வாழறவ நான். இன்னிக்கி முழு உடம்பையும் போட்டு ஒரு காரியம் செஞ்சேன். இதை வேண்டாம்னு அவன்கிட்ட நான் எந்த மூஞ்சியோட சொல்றது?"

தானியக் கிடங்கைத் தாண்டியதும்தான் ராய்ஸ் வாயைத் திறந்தான்.

"நான் வேண்டாங்கறேன்."

வண்டி கொஞ்சம் சாலையை விட்டு விலகியது. திருப்பிப் பிடித்தேன்.

"பட்டாணி மூளைக்கு ஏறிடுச்சா?" என்றாள் நெல்டா.

"கேலி பண்ணாதே. கீழே கிடந்தப்போ நீ வந்து என்ன கிழமைன்னு கேட்டே பாரு... ஸ்கூல்ல ஆடினப்போ இதைவிட மோசமா எத்தனையோ தடவை விழுந்திருக்கேன். ஒரு தடவை எங்க கோல் எந்தப் பக்கம்னே தெரியல. எந்திரிச்சேன், ஊரே கைதட்டுச்சு, திரும்பப் போய் நின்னேன். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல நெல்டா. கேக்கணும்னு எனக்கும் தெரியல."

நெல்டா அவன் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி, தானே அவன் விலாவில் பிடித்துக்கொண்டாள். நான் சாலையையே பார்த்து ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சொன்னேன்:

"ரெண்டு பேரும் இடம் மாறிட்டீங்க. சண்டை மட்டும் அப்படியே இருக்கு. அந்தப் பையனை ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

சமையலறையில் ஆர்லோ ஒரு பெரிய கிண்ணத்தில் பாலும் கார்ன்ஃப்ளேக்ஸும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா கோணலாக நடந்து வருவதைப் பார்த்துக் கரண்டியைக் கீழே வைத்தான்.

"யார் அடிச்சா?"

"உங்கம்மா."

"நிஜமாவா? நான் ஏன் அங்க இல்ல!"

நெல்டா எதிரே உட்கார்ந்தாள். "ஆர்லோ, எங்களை விடு. உனக்கு என்ன தோணுது?"

அவன் கொஞ்ச நேரம் கிண்ணத்தையே கிளறினான்.

"ஆடணும். எங்க செட்டு பூரா ஆடுது. நான் மட்டும் வேலிக்கு வெளியே நின்னு பாக்க முடியாது." பிறகு, "பயமாவும் இருக்கு" என்றான். "ஆனா நீங்க ரெண்டு பேரும் நான் சாகற வரைக்கும் ஆடப்போற மாதிரியே பேசறீங்க. நான் இந்த வருஷம் ஆடிப் பாக்கறேன்னுதான் சொல்றேன். அடுத்த வருஷத்தை அப்புறம் பாத்துக்கலாமே?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் ஒரு மாதமாக யாருக்கும் தோன்றாத பேச்சு அது.

அன்றே பேசி முடித்தார்கள். இந்த வருஷத்துக்கு மட்டும் சரி. தலை குனிந்து மோதினால் அன்றோடு நிறுத்தம், கோச் நிறுத்தாவிட்டாலும் அம்மா நிறுத்துவாள். ராய்ஸ் தன் பங்குக்கு ஒன்று சொன்னான்:

"தலையில பட்டு கண்ணு மங்கினா, காதுக்குள்ள கொய்ய்னு கூவினா, நீயா வெளிய வந்து சொல்லணும். யார் என்ன சொன்னாலும் சொல்லணும். சத்தியம் பண்ணு."

"சரிங்க அப்பா."

பையன் ஆடினான். பெரிய வீரன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். முதல் மேட்சில் பெரும்பாலும் தண்ணீர் குடித்தான். இரண்டாவதில் ஒருவனை விரட்டிக்கொண்டு ஓடி, ஷூ ஒன்றை மட்டும் பிடித்தான். மூன்றாவது மேட்சில் ஒரு மோதலில் விழுந்தபோது தலை தரையில் இடித்தது. எழுந்து நின்றான். இரண்டடி வைத்தான். பிறகு தானாகவே கோச்சை நோக்கி நடந்து வந்தான்.

"கோச், காதுக்குள்ள ஒரே கூவலா இருக்கு."

கெட்சம் அவனை உடனே உட்கார வைத்தார். மைதானத்திலிருந்த டாக்டர் பார்த்தார். லேசான மூளையதிர்ச்சிதான், இரண்டு வாரம் ஆடக்கூடாது என்றார். நெல்டா அவன் பக்கத்திலேயே பெஞ்சில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ராய்ஸோடு வேலியருகே நின்றேன். அவனோடு ஒரு காலத்தில் ஆடிய டப் அங்கே வந்தான்.

"என்ன ராய்ஸ், உன் பையன் காது கூவுதுன்னு உக்காந்துட்டானாமே! நம்ம காலத்துல இதெல்லாம் ஒரு அடியா?"

ராய்ஸின் கழுத்து சிவந்தது. அவன் கை ஓங்கினால் என்ன செய்வது என்று நான் யோசித்தேன். ஆனால் அவன் சிரித்தான்.

"ஆமா டப். நமக்கும்தான் கூவிச்சு. சொல்லத்தான் தைரியம் இல்ல. எம்பையன் சொன்னான் பாரு. மூணு மேட்சுல அவன் ஆடினதுலயே எனக்குப் பிடிச்சது அதுதான்."

டப் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். "இப்போ எப்படி இருக்கான்?" என்று மெதுவாகக் கேட்டான். "கூவல் நின்னுடுச்சா?"

"குறைஞ்சிருக்காம்."

"எனக்கு இப்பவும் சில நாள்ல அந்தக் கூவல் கேக்குது" என்றான் டப். அதை இருபத்தைந்து வருஷத்தில் அவன் யாரிடமும் சொன்னதில்லை என்று நினைக்கிறேன். ராய்ஸ் அவன் தோளில் கைபோட்டு, அவனை இழுத்துக்கொண்டு கேண்டீன் பக்கம் போனான்.

டாக்டர் சரி என்ற பிறகு ஆர்லோ மறுபடி களமிறங்கினான். முதல் ஐந்து நிமிஷம் நெல்டா என் கையை விடவே இல்லை. மறுநாள் பஸ் ஸ்டியரிங் பிடிக்கும்போது கூட வலித்தது. அப்புறம் திடீரென்று எழுந்து, "தலையை நிமித்து! தோளு! தோளு!" என்று அவள் கத்திய கத்தலில் நடுவர் திரும்பிப் பார்த்தார்.

முப்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். ஆர்லோ ஒரே ஒருவனைச் சாய்த்தான். தனியாகவும் இல்லை, இன்னொரு பையனோடு சேர்ந்து. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் பின்சீட்டிலிருந்து அந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தான். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் அவன் சாய்த்த பையன் இன்னும் உயரமானான், இன்னும் கனமானான். பர்கர் கடையில் வண்டியை நிறுத்தியபோது அவனுக்கு மீசையே முளைத்துவிட்டது.