பவளத்தின் கழுத்தில் மஞ்சள்

விஜயரத்தினத்தார் சுவிசிலிருந்து லண்டனுக்கு வந்தபோது, மனுசன் நகைக்கடைதான் போடப்போகிறார் என்று கிங்ஸ்பரி முழுவதும் நம்பியிருந்தது. அவர் மாடு வாங்கினார். மில் ஹில்லுக்கு அப்பால் ஒரு வாடகைப் புல்வெளி, ஐந்து மாடுகள். அதில் பவளம் என்ற சிவப்புப் பசுதான் உழைப்பாளி. எங்கள் ஆட்கள் யார் புது வீடு வாங்கினாலும் குடிபூரலுக்கு முதலில் உள்ளே போவது அவள்தான். வலது காலை முன்வைத்து வாசற்படி தாண்ட அவளைப் பழக்கியிருந்தார்கள். ஹரோவில் ஒரு டொக்டர் வீட்டு வெள்ளைக் கார்ப்பெட்டில் சாணி போட்டாள். லட்சுமி கடாட்சம் என்று கும்பிட்டார்கள். மறுநாள் கார்ப்பெட் கழுவ ஆள் தேடினார்கள். நான் வேதக்காரி, சேர்ச்சுக்குப் போகிறவள், எனக்கு ஏன் இந்தக் கதை? பக்கத்து வீடு, காதில் விழுகிறது.

போன புதன்கிழமை மிருக வைத்தியர் ஒருத்தி வந்து ஒவ்வொரு மாட்டின் கழுத்திலும் மேலே ஒன்று, கீழே ஒன்றாக இரண்டு ஊசி போட்டுவிட்டுப் போனாள். காசநோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஊசி. சனிக்கிழமை வந்து தடிப்பை அளப்பாள். கீழ்த்தடிப்பு மேலதைவிடப் பெருத்திருந்தால் அந்த மாட்டைக் கொல்லக் கொண்டுபோவார்கள். மருந்தும் இல்லை, மன்றாட்டும் இல்லை. ஒரு கன்றைக்கூட இறைச்சிக்கு விற்காத சைவக் குடும்பம். விஜயரத்தினத்தாரின் மனைவி நகுலேஸ்வரி அந்த மூன்று நாளும் வெஸ்ட் ஈலிங் அம்மனை நிம்மதியாக இருக்க விடவில்லை.

சனிக்கிழமை றோல்ஸ் பொரித்துக்கொண்டு நானும் போனேன். உதவிக்கு என்றுதான் சொன்னேன்.

மாடுகளை இரும்புக் கூண்டுக்குள் ஓட்டிச் சாய்க்க வேண்டும். விஜயரத்தினத்தார் சுவிசில் பார்த்ததுபோல விசில் அடித்தார். மாடுகள் நாலு திக்கும் சிதறின.

"அப்பா, விசில் அடிக்காதேங்கோ, அதுகள் வெருளுதுகள்!" என்று கூண்டு வாசலில் நின்ற மகள் துஷ்யா கத்தினாள்.

"மாடு சாய்க்க எனக்குத் தெரியும்."

"நீங்கள் காரையே நேராய் விடமாட்டியள்," என்றான் மகன் பிரியந்தன், முழங்கால்வரை சேற்றில் நின்றுகொண்டு.

நகுலேஸ்வரி ஒரு வாழைப்பழத்தை உரித்தாள். "வாடி பிள்ளை," என்றாள், அவ்வளவுதான். பவளம் அசைந்து அசைந்து வந்தாள். மற்ற நாலும் பின்னால் வந்தன.

வைத்தியர் மற்ற நாலையும் முதலில் கூண்டில் விட்டு அளந்தாள், அந்த நாலுக்கும் பிழையில்லை. விஜயரத்தினத்தார் ஒரு றோல்ஸைக் கடித்தார். கடைசியாகப் பவளம் கூண்டுக்குள் வந்தாள். வைத்தியர் அளவுகோலைத் தூக்கிய கையோடு அப்படியே நின்றாள். பவளத்தின் கழுத்து மஞ்சள் நிறமாக இருந்தது.

"அம்மா, என்ன பூசினனீங்கள்?" என்றாள் துஷ்யா.

"வீங்கிப் போச்சுதெல்லே. நேற்றுப் பின்னேரம் மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுப் பூசினனான். பிள்ளைக்கு எரிஞ்சிருக்கும்."

"ஒண்டும் பூசக்கூடாதெண்டு அவ சொன்னவ!"

"மருந்துதானே பூசக்கூடாது. மஞ்சள் மருந்தே?"

வைத்தியர் கழுவித் துடைத்து அளந்தாள். பிறகு இன்னொரு தடவை அளந்தாள். துஷ்யாவிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். துஷ்யாவின் முகத்தைப் பார்த்ததும் விஜயரத்தினத்தார் றோல்ஸைக் கீழே வைத்துவிட்டார்.

"மஞ்சளாலை வீங்கினது எண்டு சொல்லு. கழுவிப்போட்டுத் திரும்ப ஊசி போடட்டும்."

"ஏலாதாம் அப்பா. அளவு என்ன காட்டுதோ அதைத்தான் எழுதுவாவாம். பூசினதையும் எழுத வேணுமாம்."

நகுலேஸ்வரி கூண்டுக் கம்பிக்குள் கைவிட்டு, பவளத்தின் காதடியைச் சொறிந்துகொண்டு நின்றாள்.

"நான் பூசாட்டி இவள் தப்பியிருப்பாளோ எண்டு கேள்."

துஷ்யா கேட்டாள். பதில் நீளமாக வந்தது. மகள் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

"அவவுக்கும் தெரியாதாம் அம்மா."

அந்த நேரம் பார்த்து விஜயரத்தினத்தாரின் போன் அடித்தது. அடுத்த சனிக்கிழமை கிங்ஸ்பரியில் குடிபூரல் வைத்திருக்கும் ரங்கராஜன். பவளத்துக்கு நோய் காட்டியதால் ஒரு மாடும் இனி இந்தப் புல்வெளியை விட்டு வெளியே போக ஏலாது என்று சொன்னதும், "ஐயோ பாவம்," என்றாராம். பிறகு, "வேற யார்கிட்டயாவது மாடு இருக்கா சார்?" என்றும் கேட்டாராம்.

வீட்டுக்கு வந்து நான் என் சிநேகிதி விதுஷா ஒருத்தியிடம்தான் சொன்னேன். பொழுதுபட முன்னம் கதை லண்டனின் மறுகோடி அப்டன் பார்க் வரை போய்விட்டது. மஞ்சள் பூசி மாட்டைக் கொன்றவள் என்று போயிருந்தது. கோயிலில் ஒருத்தி நகுலேஸ்வரியிடமே நேரில் கேட்டாளாம். அவள், "ஓம், நான்தான்," என்றாளாம்.

செவ்வாய்க்கிழமை லொறி வந்தது. சாரதி தள்ளிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், கைதட்டி விரட்டியும் பார்த்தான். பவளம் நாலு காலையும் ஊன்றி நின்றாள். விஜயரத்தினத்தார் விசில் அடிக்கவில்லை. பிரியந்தன் கதவைத் திறந்து பிடித்தபடி நிலத்தைப் பார்த்தான். கடைசியில் எல்லோரும் நகுலேஸ்வரியைப் பார்த்தார்கள். நானும்தான் பார்த்தேன்.

அவள் பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்தாள். லொறியின் சாய்பலகையில் தானே முன்னால் ஏறினாள்.

"வாடி பிள்ளை."

பவளம் வலது காலை முன்வைத்து ஏறினாள்.

சாரதிக்கு ஒரே ஆச்சரியம். இவ்வளவு நல்ல மாட்டை நான் பார்த்ததில்லை என்று சொன்னான். பிறகு நகுலேஸ்வரியை இறங்கச் சொன்னான். அதில் எதையும் துஷ்யா தாய்க்குத் தமிழில் சொல்லவில்லை. பழம் முடியும்வரை நகுலேஸ்வரி உள்ளேயே நின்றாள்.