எட்டாம் நாள் சிலுவை

எல்மீஸ், செத்துப்போன அப்பாவின் பாதங்களைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். தோட்டத்துத் துரையே முன்னால் நடந்து வந்து, ஆள் வைத்துப் பலகைகளை வாசலில் இறக்கினார். அவளுக்குச் சுருக்கென்றது. அறுபது வருஷம் இந்தத் தீவில் தேங்காய் உரித்த அப்பா தியோஃபிலுக்குக் காய்ச்சலில்கூட லீவு கொடுக்காத மனுஷன். செத்து இரண்டு மணி நேரம் ஆகவில்லை, சவப்பெட்டிக்குப் பலகை கொண்டுவருவானேன்?

பலகைகளில் கறுப்பு மையில் எண்கள். மார்ச்சில் வந்த சிப்பாய்கள் கம்பிச் சுருள் கொண்டுவந்த பெட்டிகளை உடைத்த பலகைகள் அவை. தூரத்துக் கப்பல்களோடு பேசுவதற்காம், பாதித் தென்னந்தோப்பை மொட்டையடித்து வரிசையாக இரும்புக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதுக்குடா இவ்வளவு அக்கறை?" என்றாள் தம்பி காஸ்தோனிடம். அவன் சிப்பாய்களுக்குச் சிமென்ட் சுமக்கிறவன்.

"குடுத்தா வாங்கிக்கோயேன் அக்கா. அப்பாவைப் பாயில சுருட்டியா புதைக்கப்போற?"

"கல்லறைத் தோட்டத்துல கம்பம் நட இடம் கேப்பாரு. பாத்துக்கோ."

துரை இடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி வெட்டச் சொன்னார். பவளப்பாறையை உடைக்கச் சிப்பாய்களிடம் கடப்பாரை வாங்கித் தந்தார். துக்கத்துக்கு வந்தவர்களின் காப்பிக்குச் சர்க்கரை அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் எல்மீஸின் சந்தேகம் இன்னும் கொஞ்சம் கூடியது. கம்பம் நட அளவு முளை ஏதாவது அடித்திருக்கிறார்களா என்று குழியைச் சுற்றிக்கூடப் பார்த்தாள். வெறும் வெள்ளை மணல்தான். அப்பா என்றால் அவளுக்கு உயிர். அவருக்காக அழ வேண்டிய நேரத்தில் வேவு பார்க்கிறோமே என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மண் தள்ளி முடித்தார்கள். பெண்கள் ஜெபமாலை சொல்லிவிட்டு எழுந்தார்கள். துரை தொப்பியைக் கையில் உருட்டியபடி அவளருகே வந்தார்.

"சிலுவையையும் இன்னைக்கே நட்டுடுங்களேன், எல்மீஸ்."

"எட்டாம் நாள்தானே துரை நடுவோம்? எட்டு நாள் ஜெபம் முடியாம எப்படி நடுறது?"

"பரவாயில்ல. இன்னைக்கே நட்டுடுங்க."

"ஏன், அதுக்குள்ள நாங்க எங்க ஓடிப்போயிடப்போறோம்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். துரை சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை கப்பல் வருது."

"தேங்காய் ஏத்தவா?"

"இல்ல. தீவு முழுக்க இனி சிப்பாய்களுக்காம். இங்க இருக்கிற எல்லாரும் ஏறணும். ஆளுக்கு ஒரு மூட்டை எடுத்துக்கலாம்."

"எப்பத் திரும்பி வருவோம்?"

துரை தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

எல்மீஸ் தம்பியைத் தேடினாள். அவன் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தான். இரண்டு தென்னங்கட்டைகளைக் குறுக்காக வைத்து அடித்துக்கொண்டிருந்தான். அப்பாவின் பெயரை ஏற்கெனவே செதுக்கி முடித்திருந்தான்.

"உனக்கு எத்தனை நாளா தெரியும்?"

காஸ்தோன் வாயில் மூன்று ஆணிகளைக் கவ்வியிருந்தான். அவற்றை எடுக்காமலே அடுத்த அடி அடித்தான்.